சர்ச்சுல ஒரே பெஞ்ச்... பூத்துல பல பட்டன்!

கிறிஸ்தவ ஓட்டு எந்தக் கட்சிக்கு? கன்னியாகுமரி மாவட்டத்தை வெச்சு ஒரு குட்டிக் கணக்கு!

2019 ஏப்ரல் 18. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். காலண்டரைப் புரட்டியவர்களுக்கு ஒரு ஷாக்... அன்றைக்குப் பெரிய வியாழன்! இயேசு தன் சீடர்களோடு கடைசியாக விருந்து சாப்பிட்டதை நினைவுகூரும் நாள். மறுநாள் புனித வெள்ளி. ஞாயிறு ஈஸ்டர். வாக்குச்சாவடிகளில் பலவும் இருப்பதோ, சர்ச் வளாகத்துப் பள்ளிக்கூடங்களில்! தேதியை மாத்துங்க என்று சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தேதி மாறவில்லை. காலையில் விரலில் மை, சாயங்காலம் சர்ச்சில் பாதம் கழுவும் சடங்கு என்று அன்றைய தினம் ஓடிப்போச்சு.

சரி, சாயங்காலம் சர்ச்சுக்குப் போகிற ஒருத்தர், காலையில் பூத்துக்குள் நுழையும்போது பைபிளையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போறாரா? அதாவது, அவருடைய நம்பிக்கை அவர் கட்சியை முடிவு பண்ணுதா?

'அவங்கள்லாம் மொத்தமா ஒரே கட்சிக்குத்தான் குத்துவாங்க பாஸ்!' - டீக்கடை பெஞ்சில் இருந்து டி.வி. விவாதம் வரைக்கும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன டயலாக் இது. எங்க ஹாஸ்டலிலும் தேர்தல் வந்தால் யாராவது ஒருத்தர் எடுத்து விடுவார். உடனே நாகர்கோவில் பசங்க 'மக்கா... உனக்கு எங்க ஊரு தெரியாது!' என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். நான் இன்ஜினீயரிங் பையன். சண்டை போடுவதைவிடக் கணக்குப் போடுவது ஈஸி என்று உட்கார்ந்துவிட்டேன்!

ஒரு மாவட்டத்தின் பயோடேட்டா

2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவிகிதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் 46.85 சதவிகிதம்! இந்துக்கள் 48.65, முஸ்லிம்கள் 4.20. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. கிறிஸ்தவ ஓட்டு என்று ஒன்று இருந்தால், அது நன்றாகத் தெரிய வேண்டிய இடம் இதுதான்.

ஆனால், அந்த 46.85 ஒரே கலர் இல்லை. கடற்கரை ஓரத்து மீனவ கிராமங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். உள்நாட்டில் சி.எஸ்.ஐ., லுத்தரன், சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே. கத்தோலிக்கத்திலேயே லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என மூன்று வழிபாட்டு முறைகள். இதில் சாதி வேறு. ஒருத்தருக்கொருத்தர் 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' சொல்வார்கள். எல்லாரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்று யார் கேரன்ட்டி கொடுக்க முடியும்?

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 1967-ல் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் தோற்றார் காமராஜர். 1969 இடைத்தேர்தலில் அவரை மறுபடி ஜெயிக்க வைத்தது நாகர்கோவில் தொகுதி. 1971-லும் அவர்தான். காமராஜர் கிறிஸ்தவர் இல்லை. அந்தத் தொகுதியில் அவருக்கு முன்பு எம்.பி-யாக இருந்த மார்ஷல் நேசமணி கிறிஸ்தவர். இரண்டு பேருக்கும் ஓட்டு விழுந்தது. காரணம்? நேசமணி, தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியவர். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜெபத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதைத் தாண்டி, மொழியும் மண்ணும் ஓட்டு வாங்கிய காலம் அது.

கால்குலேட்டர் எடுங்க!

இப்போ மெயின் மேட்டர். 2014 நாடாளுமன்றத் தேர்தல், கன்னியாகுமரி தொகுதி. பா.ஜ.க-வின் பொன்.ராதாகிருஷ்ணன் சுமார் 3.72 லட்சம் ஓட்டு வாங்கி ஜெயித்தார். காங்கிரஸின் வசந்தகுமார் 2.44 லட்சம். அ.தி.மு.க-வின் ஜான் தங்கம் 1.76 லட்சம். தி.மு.க-வின் ராஜரத்தினம் 1.18 லட்சம். மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் சுமார் 35 ஆயிரம். எல்லாரும் தனித்தனியாக நின்றார்கள். ஓட்டும் தனித்தனியாகப் பிரிந்தது.

'கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவ வேட்பாளருக்குத்தான் போடுவார்கள்' என்பது நிஜமென்றால், ஜான் தங்கம் இரண்டாவதாகவாவது வந்திருக்கணும். வந்தது வசந்தகுமார். அவர் இந்து!

அடுத்து 2019. தி.மு.க., காங்கிரஸ், இடதுசாரிகள் ஒரே கூட்டணி. அந்தப் பக்கம் பா.ஜ.க-வும் அ.தி.மு.க-வும் ஒரே கூட்டணி. நம்ம பிளஸ் டூ கணக்குப்படி 3.72-ஐயும் 1.76-ஐயும் கூட்டினால் பா.ஜ.க. வேட்பாளர் ஐந்தரை லட்சத்தை நெருங்கணும் இல்லையா? அவர் வாங்கியது சுமார் 3.67 லட்சம். வசந்தகுமாருக்கு 6.27 லட்சம். வித்தியாசம் இரண்டரை லட்சத்துக்கும் மேலே!

அ.தி.மு.க-வின் அந்த 1.76 லட்சம் எங்கே போச்சு? யார் எந்தப் பட்டனை அமுக்கினார் என்று மெஷின் சொல்லாது. அதில் மதம் என்று ஒரு காலமும் கிடையாது. ஆனால், ஒன்று புரிகிறது. 2014-ல் இரட்டை இலைக்குக் குத்திய ஏகப்பட்ட பேர், கட்சி கைகாட்டிய திசையில் 2019-ல் போகவில்லை. பாதிக்குப் பாதி கிறிஸ்தவர்கள் இருக்கிற ஊரில், அதில் அவர்கள் கணிசமாக இருந்திருப்பார்கள் என்று யூகிக்கப் பெரிய அரசியல் ஞானம் வேண்டாம்.

ஸோ, நம்பிக்கை ஓட்டைப் பாதிக்கிறது. ஆனால், நாம் நினைக்கிற ரூட்டில் இல்லை. யாருக்குப் போடலாம் என்பதில் 2014-ல் இவர்கள் நாலாப் பக்கமும் சிதறினார்கள். யார் வரக் கூடாது என்ற கேள்வி பெரிதானபோது ஒன்றுசேர்ந்தார்கள். ஆசை பிரிக்கிறது, பயம் சேர்க்கிறது!

பயம் எங்கிருந்து வருது?

1982 மார்ச். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடை விழா நேரம். இந்து - கிறிஸ்தவர் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை கமிஷன் போட்டார்கள். நம்ம வயசுப் பசங்க யாரும் அப்போ பிறக்கவே இல்லை. ஆனால், அந்த மாவட்டத்து வீடுகளில் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். இரண்டு மதத்து வீடுகளிலும் அந்தக் கதை சொல்லப்படுகிறது. இரண்டு வீட்டிலும் வேறு வேறு மாதிரி. கிறிஸ்தவப் பக்கம் மட்டும்தான் பயம் என்று சொன்னால் அது அரைகுறைக் கதை. 1996-ல் தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. ஜெயித்ததும் இதே மாவட்டத்துப் பத்மநாபபுரத்தில்தான்.

அடுத்து 2002. ஜெயலலிதா ஆட்சியில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. கிறிஸ்தவ அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. எம்.ஜி.ஆர். காலத்தில் இருந்து இரட்டை இலைக்குப் போட்ட கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அது தர்மசங்கடம். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அள்ளியது. ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே அந்தச் சட்டம் வாபஸ் என்று அறிவிப்பு வந்தது! தோல்விக்கு விவசாயி, அரசு ஊழியர் என்று ஏகப்பட்ட காரணங்கள் உண்டு. ஆனால், எதை முதலில் வாபஸ் வாங்கினார்கள் என்ற லிஸ்ட்டில் இதுவும் இருந்தது என்பதைக் கவனியுங்க மக்களே!

அரிவாள், சுத்தியல்... சிலுவை!

அதே 2004-ல் நாகர்கோவிலில் ஜெயித்தது யார் தெரியுமா? மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ.வி.பெல்லார்மின்!

இதில் என்ன ஆச்சர்யம் என்கிறீர்களா? 1949-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், கம்யூனிஸ்ட்டுகளை ஆதரிக்கும் கத்தோலிக்கர்களுக்கு எதிராக வாடிகன் ஆணையே போட்டது. 1959-ல் பக்கத்துக் கேரளாவில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அரசுக்கு எதிரான 'விமோசன சமரம்' என்ற போராட்டத்தில் சர்ச் முன்னணியில் நின்றது. பள்ளிக்கூடங்களை அரசு கட்டுப்படுத்தப் பார்க்கிறது என்பது அவர்கள் கோபம். அரசு டிஸ்மிஸ்!

45 வருஷம் கழித்து, எல்லைக்கு இந்தப் பக்கம், கிறிஸ்தவர்கள் நிறைந்த ஒரு தொகுதி அரிவாள் சுத்தியலை டெல்லிக்கு அனுப்புகிறது. பைபிள் மாறவில்லை. மாறியது எதிரே நின்ற கேள்வி. 1959-ல் 'நம்ம ஸ்கூல் என்ன ஆகும்?', 2004-ல் 'நம்ம பாதுகாப்பு என்ன ஆகும்?' இதுதான் விஷயமே. நம்பிக்கை ஒருத்தருக்குக் கட்சியைக் காட்டுவதில்லை. எந்தக் கேள்வியை முதலில் கேட்கணும் என்பதைத்தான் காட்டுகிறது. அந்தக் கேள்விக்கு அந்த வருஷம் எந்தக் கட்சி பதில் வைத்திருக்கோ, அதற்கு ஓட்டு.

ஃபாதர் சொன்னா ஓட்டா?

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு சர்ச்சில் என்ன நடக்கும்? பெரும்பாலும் பொதுவான வேண்டுகோள்தான். தவறாமல் ஓட்டுப் போடுங்க, பணம் வாங்காதீங்க, மதச்சார்பின்மையைக் காப்பாற்றுகிறவர்களைத் தேர்ந்தெடுங்க என்கிற ரேஞ்சில் இருக்கும். கட்சிப் பெயர் வராது. ஆனால், கேட்கிறவங்களுக்குப் புரியும்!

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 287-வது விதிப்படி, குருக்கள் அரசியல் கட்சிகளில் தீவிரமாக ஈடுபடக் கூடாது. பொதுநலனைக் காக்கத் தேவை என்று மேலிடம் கருதினால் மட்டும் விதிவிலக்கு. நம்ம நாட்டுச் சட்டம் இன்னும் ஸ்ட்ரிக்ட். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 123-வது பிரிவு இருக்கே, அதில் ஒரு சூப்பர் மேட்டர் உண்டு. இன்னாருக்குப் போடாவிட்டால் கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வேட்பாளர் தரப்பு வாக்காளரை நம்பவைத்தால், அது தேர்தல் முறைகேடு! சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டினால் ஜெயிச்ச பதவியே போகலாம். மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதும் அதே பிரிவில் முறைகேடு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் பெஞ்ச், 4-க்கு 3 என்ற கணக்கில் அதை இன்னும் இறுக்கியது. வேட்பாளரின் மதம் மட்டுமில்லை, வாக்காளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலும் தப்பு!

கடற்கரை கிராமங்களில் பங்குத்தந்தைக்கும் ஊர் கமிட்டிக்கும் செல்வாக்கு அதிகம். மறுக்க முடியாது. படகு தொலைந்தாலும், ரோடு வேண்டுமென்றாலும் கலெக்டர் ஆபீஸுக்கு முன்னால் நடப்பவர் அவர்தான். ஆனால், உள்நாட்டு சி.எஸ்.ஐ. கதை வேறு. அங்கே திருமண்டலத் தேர்தல் என்று சர்ச்சுக்குள்ளேயே ஓட்டு, அணி, பிரசாரம் எல்லாம் உண்டு. ஒரே சபைக்குள் எதிரெதிர் அணியில் நின்று பழகினவர்களிடம், எம்.பி. தேர்தலுக்கு மட்டும் ஒரே மாதிரி குத்துங்க என்றால் நடக்குமா?

கடலும் ஒரு காரணம் பாஸ்!

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கடலுக்குள் போன குமரி மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. தேடுதல் சரியில்லை என்று டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பிருந்தே இனயம் துறைமுகத் திட்டத்துக்கு மீனவ கிராமங்களில் எதிர்ப்பு. பிற்பாடு வேறு இடம் பார்த்தபோது அங்கேயும் எதிர்ப்பு.

2019-ல் இந்தக் கிராமத்து அம்மா ஒருத்தர் ஓட்டுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கத்தோலிக்கர் என்பதால் போட்டாரா, மீனவர் என்பதால் போட்டாரா? பிரித்துச் சொல்ல முடியாது. துக்கம் விசாரித்ததும் சர்ச்சில்தான், போராட்டத்துக்குக் கூடியதும் சர்ச் முற்றத்தில்தான். வெளியில் இருந்து பார்க்கிற நாம் 'கிறிஸ்தவ ஓட்டு' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறோம். உள்ளே இருப்பது டீசல் விலை, தூண்டில் வளைவு, காணாமல் போன அப்பா.

இன்னொரு ஸ்டிக்கர், தலித் கிறிஸ்தவர்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், இந்த மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. 2022-ல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு கமிஷன் போடப்பட்டது. இந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தர் பூத்துக்குப் போகும்போது கேட்கும் முதல் கேள்வி, பக்கத்து பெஞ்ச்சில் பாட்டுப் பாடியவர் கேட்கும் கேள்வியாக இருக்க முடியாது.

பார்டர் தாண்டினா வேற சீன்!

2011 சென்சஸ்படி நாகாலாந்தில் சுமார் 88 சதவிகிதம் கிறிஸ்தவர்கள். அங்கே 2018-லும் 2023-லும் பா.ஜ.க. 12 சட்டமன்றத் தொகுதிகளில் ஜெயித்து, மாநிலக் கட்சியோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தது. அங்கே முதல் கேள்வி, நாகா அமைதிப் பேச்சு, டெல்லியோடு உறவு, உள்ளூர்த் தலைவர் யார் என்பது. 2024-ல் கத்தோலிக்கர்கள் கணிசமாக வாழும் கேரளாவின் திருச்சூரில் நடிகர் சுரேஷ் கோபி ஜெயித்தார். கேரளாவில் இருந்து பா.ஜ.க-வுக்குக் கிடைத்த முதல் மக்களவைத் தொகுதி அது. அதே தேர்தலில் கன்னியாகுமரியில் காங்கிரஸின் விஜய் வசந்த் சுமார் 1.8 லட்சம் வித்தியாசத்தில் பொன்.ராதாகிருஷ்ணனைத் தோற்கடித்தார். அதே ஜெபம், அதே ஞாயிறு, வேற வேற சின்னம்!

இவ்வளவு ஏன்... 2021 ஏப்ரல் 6-ம் தேதி குமரியில் சட்டமன்றத்துக்கும், எம்.பி. இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில் ஓட்டு. எம்.பி. தொகுதியில் காங்கிரஸ் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது. அதே தொகுதிக்குள் இருக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் நாகர்கோவில் பா.ஜ.க-வுக்கும், கன்னியாகுமரி அ.தி.மு.க-வுக்கும் போனது.

ரகசிய ஓட்டு... நிஜமா ரகசியமா?

கடைசியாக நம்ம டிபார்ட்மென்ட் மேட்டர். தேர்தல் முடிந்ததும் எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று 'படிவம் 20'-ல் தேர்தல் ஆணையமே வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு பூத்துக்கு சுமார் ஆயிரம் பேர். நகரத்தில் இது பிரச்னை இல்லை. ஆனால், ஊரே ஒரே மதம், ஒரே தொழில் என்றிருக்கும் கடற்கரை கிராமத்தில்? அந்த ஊர் யாருக்குப் போட்டது என்று ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் அப்பட்டமாகத் தெரியும். தனி ஆள் ஓட்டு ரகசியம். ஊர் ஓட்டு ஓப்பன்! அப்புறம் தண்ணீர்த் தொட்டி வரவில்லை, ரோடு வரவில்லை என்றால், காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

வாக்குச்சீட்டு காலத்தில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. மெஷினில் அது இல்லை. 'டோட்டலைசர்' என்று ஒரு கருவி இருக்கிறது. பல மெஷின்களை இணைத்து மொத்த ரிசல்ட்டை மட்டும் காட்டும். தேர்தல் ஆணையம் 2008-லேயே இதைக் கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் சிபாரிசு செய்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சிறுபான்மை ஊர்களை பயத்தில் இருந்து விடுவிக்க ஒரு சின்ன சர்க்யூட் போதும். அந்தப் பயம் குறைந்தால், மொத்தமாகப் போடும் பழக்கமும் தானாகக் குறையும். 'ஏன் ஒரே மாதிரி போடறீங்க?' என்று கேட்கிறவர்கள் முதலில் இதைக் கேட்கலாமே!

முதல் ஓட்டுப் போடப் போகும் நண்பர்களுக்கு, எந்த மதமாக இருந்தாலும், மூணே மூணு டெஸ்ட்:

1. உங்க வீட்டில் எப்பவும் ஒரே சின்னம்தானா? ஏன் என்று தாத்தாகிட்ட கேளுங்க. அதில் பாதி வரலாறு கிடைக்கும். அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கா என்று பாருங்க.

2. உங்க நம்பிக்கை உங்களைக் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி எது? நம்ம ஆள் யார் என்பதா, நம்ம ஊரில் யார் கஷ்டப்படுகிறார் என்பதா? ரெண்டுக்கும் ஓட்டு வேற வேற இடத்தில் விழலாம்.

3. பக்கத்து வீட்டு வேறு மதத்து நண்பன் எதற்குப் பயப்படுகிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், தேர்தலுக்கு முன் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க!

பட்டனை அமுக்கியதும் பக்கத்து வி.வி.பேட் மெஷினில் ஒரு சீட்டு 7 செகண்ட் தெரியும். அந்த அட்டைத் தடுப்புக்குள் ஃபாதர் வர முடியாது, பாஸ்டர் வர முடியாது, கட்சியின் வட்டச் செயலாளரும் வர முடியாது. ஏழே செகண்ட். அதற்குள் வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. ஸோ, யோசிக்கிற வேலையை வீட்டிலேயே முடிச்சிட்டுப் போங்க!